நாற்பத்தேழு

லிஸ்வாவிலிருந்து விடியற்காலைப் பேருந்து.
வழியெல்லாம் இல்யூஸா
முன்சீட்டின் முதுகில் பாதங்களை ஊன்றி
விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டு வந்தாள்.
முன்சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.
இரண்டு முறையும் நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பெர்ம் நகரில் ஜூன் மாதம்.
பாப்லர் மரங்கள் பஞ்சு உதிர்த்துக்கொண்டிருந்தன.
கொண்டையில் ஒட்டிய பஞ்சை எடுக்கப் போனேன்.
"தொடாதே அப்பா,
அம்மா பதினெட்டு ஊசி குத்தியிருக்கிறாள்."

வெனேராவுக்கு ரொட்டி ஆலையில் விடுப்பில்லை.
எனக்குத் தெரிந்த பாலே
அவள் தாளில் எழுதித் தந்த ஏழு வரிதான்.
ஏழாவது வரி: நீ எதுவும் பேசாதே.

மாடிப்படி வளைவில் ஒருத்தி
எண் எழுதிய துணித்துண்டு தந்தாள். நாற்பத்தேழு.
பத்துப் பத்துப் பேராக உள்ளே போனார்கள்,
உள்ளாடையோடு, வெறுங்காலோடு,
விலா எலும்பை எண்ணிவிடலாம் போன்ற பிள்ளைகள்.
கதவு மூடிக்கொண்டது.

கதவில் கண்ணாடி உண்டு.
கண்ணாடியை மறைத்துத் தாள் ஒட்டியிருந்தது.
தாளின் ஓரம் ஒரு விரற்கடை உரிந்திருந்தது.
அந்த ஒரு விரற்கடைக்குப்
பதினோரு தாய்மார், ஒரு ராணுவக்காரர், நான்.
முறை வைத்துப் பார்த்தோம்.
என் முறைக்குத் தெரிந்தது
யாருடையதோ ஒரு குதிகால்.

நான் எனாமல் ஆலையில் தரம் பார்ப்பவன்.
பத்தொன்பது வருஷமாகக் கிண்ணங்களை
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, சுண்டிக் கேட்டு,
கடுகளவு கரும்புள்ளி இருந்தாலும்
இடப்பக்கம் ஒதுக்குகிறேன்.
கை தானாகப் போகும். மனசு வேறெங்கோ இருக்கும்,
பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டில்.

உள்ளே இந்நேரம் யாரோ
என் மகளின் காலைக் காதுவரை தூக்கிப் பிடித்து
இடமா வலமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.
அவருக்குப் பசிக்காமல் இருக்க வேண்டும்.

"நாற்பத்தேழின் அப்பா வந்திருக்கிறாரா?"

நீண்ட மேசை. ஐந்து பேர். ஆறிப்போன தேநீர்.
நடுவில் இருந்த அம்மையார் என்னைப்
பாதத்திலிருந்து பார்க்கத் தொடங்கினார்.
முகத்துக்கு வந்து சேர நேரம் பிடித்தது.
நான் ஒரு மீட்டர் தொண்ணூற்று நான்கு.
"தாயும் இந்த உயரமா?"
ஏழாவது வரி ஞாபகம் வந்தது.
தலையை மட்டும் ஆட்டினேன்.
ஆமென்றா இல்லையென்றா, எனக்கே தெரியாது.

"எலும்பு அப்பாவுடையது,"
எழுதிக்கொண்டே சொன்னார் பக்கத்திலிருந்தவர்.

தோளைக் குறுக்கிக்கொண்டேன்.
ஐந்து சென்டிமீட்டராவது
குறைத்துக் காட்டலாம் என்று.
சுவரோரம் நின்ற இல்யூஸா
முதுகை நிமிர்த்து என்று கண்ணால் அதட்டினாள்.
நிமிர்ந்தேன்.

நான்கு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள்.
பெயர்கள் இல்லை.
நாற்பத்தொன்று. நாற்பத்து நான்கு. ஐம்பத்திரண்டு.
கீழிருந்து மேலாக இன்னொரு முறை படித்தேன்.
ஐம்பத்திரண்டின் தாய் சுவரில் சாய்ந்து அழுதாள்.
அவளுக்கென்ன அழுகை என்று
ஒரு கணம் கோபம் வந்தது. போய்விட்டது.

பேருந்து நிலையத்தில்
செர்ரிப் பணியாரம் வேண்டும் என்றாள் இல்யூஸா.
மூன்று மாதமாக இனிப்பைத் தொடாதவள்.
நின்றபடியே தின்றாள். முகவாய் வரைக்கும் சிவப்புச் சாறு.
நெஞ்சில் இன்னும் அந்தத் துணித்துண்டு.
கழற்றச் சொல்லலாமா என்று தாளை எடுத்துப் பார்த்தேன்.
ஏழு வரியிலும் அதற்கு எதுவும் இல்லை.
பின்பக்கம் கொஞ்சம் மாவுக்கறை.

வெனேரா அழைத்தாள். எடுக்கவில்லை.
பேசாதே என்றவள் அவள்தானே.

"இன்னொன்று," என்றாள் மகள்.
சில்லறையை எண்ணிக்கொண்டு வரிசையில் நின்றேன்.
காலையிலிருந்து நிமிர்ந்தே நின்றதில்
முதுகு கடுத்தது.
"செர்ரி தீர்ந்துபோச்சு,
முட்டைக்கோஸ் வைத்ததுதான் இருக்கு," என்றாள் கடைக்காரி.
இரண்டு வாங்கினேன்.